பறித்த கையோடு: ஒரு கோடைக் காய்கறிப் பாத்தியின் பதிவு

இந்தக் கோடைக்கு என்னென்ன போடலாம் என்பதை ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்தேன். எந்தக் காய் பறித்த பிறகு சீக்கிரம் ருசி இழக்கிறது? வெங்காயம், உருளைக்கிழங்கு, முற்றிய பூசணி எல்லாம் வாரக்கணக்கில் கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது. அவற்றை வாங்கிக்கொள்ளலாம். செடியை விட்டு வந்த நேரத்திலிருந்தே ருசி இறங்கத் தொடங்கும் காய்களுக்குத்தான் என்னிடம் இருக்கும் கொஞ்ச இடமும் தண்ணீரும். அப்படிக் கழித்துப் பார்த்ததில் தக்காளி, வெண்டை, வெள்ளரி, கத்தரி, பீர்க்கு, ஸ்வீட் கார்ன் என்று ஆறு மிஞ்சின.

வீட்டுக் காய்க்கு ருசி அதிகம் என்று எல்லோரும் சொல்கிறோம். இயற்கை உரம், மருந்தடிக்காதது, நம் கையால் வளர்த்த பாசம் என்று காரணமும் சொல்கிறோம். பாசத்துக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் என் அனுபவத்தில் பெரும்பங்கு பறிக்கும் நேரத்துக்குத்தான். தொலைவில் விற்பனைக்குப் போகும் தக்காளி நசுங்காமல் போய்ச் சேர வேண்டும். அதனால் பச்சையாகவோ, அடியில் லேசாக நிறம் தட்டியதுமோ பறித்துவிடுவார்கள். காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவின் வேலையால் போகிற வழியில் அது சிவந்துவிடும். நிறம் ஏறுகிற அளவுக்குச் சர்க்கரை ஏறாது. சர்க்கரை இலையில் உண்டாகிக் காம்பு வழியே காய்க்கு வர வேண்டியது. காம்பை அறுத்தபின் அது வர வழியில்லை. வீட்டில் வளர்ப்பவருக்கு அந்த அவசரம் கிடையாது. இன்னும் ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம், காலையில் பறிக்கலாமா மாலையில் பறிக்கலாமா என்று யோசிக்கலாம், உலை கொதித்த பிறகு போய்ப் பறிக்கலாம். மண் கலவையிலிருந்து அடுப்படி வரை நான் செய்தது எல்லாம் இந்தச் சலுகையைத் துளியும் வீணாக்காமல் இருப்பதற்காகத்தான்.

பாத்தியும் தொட்டியும்

வெண்டை, கத்தரி, ஸ்வீட் கார்ன் மூன்றும் தரையில். தக்காளி 20 லிட்டர் தொட்டிகளில். தொட்டி இதைவிடச் சிறிதானால் உச்சி வெயிலில் மண் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது, செடி தினமும் ஒருமுறை வாடி எழுகிறது. அப்படி வாடி எழுகிற செடியில் நல்ல பழம் எதிர்பார்க்க முடியாது. கலவைக்குத் தோட்டமண், நன்றாக மக்கிய தொழு உரம், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) மூன்றும் சம பங்கு. கோகோபீட்டில் உப்பு இருக்க வாய்ப்புண்டு என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்த்தேன்.

தக்காளி நாற்றை நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி ஆழமாக வைத்தேன். தக்காளித் தண்டு மண் பட்ட இடமெல்லாம் வேர்விடும். கோடையில் அந்தக் கூடுதல் வேர்தான் செடியைக் காப்பாற்றும். கத்தரி நாற்றை இப்படி வைக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் இருந்த மட்டத்திலேயே நடலாம். வெண்டை விதையை இரவு முழுக்க ஊறவைத்து, ஒன்றரை அடி இடைவெளியில் குழிக்கு இரண்டாக ஊன்றினேன். முளைத்ததும் திடமானதை விட்டு மற்றதை நறுக்கிவிட்டேன். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் ஆடும்.

ஸ்வீட் கார்னை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒற்றை வரிசையில் போடாதீர்கள். அது காற்றில் மகரந்தம் சேரும் பயிர். உச்சியில் இருக்கும் ஆண் பூங்கொத்திலிருந்து தூள் உதிர்ந்து, கீழே கதிரின் நுனியில் தொங்கும் பட்டு நூல்களில் விழ வேண்டும். ஒவ்வொரு நூலும் கதிருக்குள் ஒரு மணியோடு இணைந்திருக்கிறது. எந்த நூலுக்கு மகரந்தம் கிடைக்கவில்லையோ அந்த மணி பொக்கு. அதனால் நாலுக்கு நாலு சதுரமாக நட்டேன். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தூள் ஏதாவதொரு செடியின் பட்டில் படும். காற்றே இல்லாத நாட்களில் காலையில் தண்டுகளை லேசாக உலுக்கிவிட்டேன். மஞ்சள் தூள் உதிர்வது கண்ணுக்கே தெரியும்.

வெள்ளரியும் பீர்க்கும் பந்தலில். தரையில் கிடக்கும் வெள்ளரி வளைந்து போகும், மண் பட்ட பக்கம் வெளுக்கும். தொங்கினால் நேராக வளரும், இலைக்கு நடுவே கண்ணிலும் படும். காய் கண்ணில் படுவது முக்கியம். ஒளிந்திருந்து முற்றிப்போகிற ஒரு காய் அந்தக் கொடியின் அடுத்த காய்களை எல்லாம் தாமதப்படுத்தும்.

தண்ணீர்

வேருக்கு நேராக, காலையில், ஆழமாக. கோடைத் தண்ணீர் பற்றி நான் பின்பற்றுவது இவ்வளவுதான். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்ப்பேன். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. காய்ந்த இலைச் சருகை 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் நாலு விரல் இடம் விட்டேன். மூடாக்கு போட்ட பாத்திக்கும் போடாத ஓரத்துக்கும் உள்ள வேறுபாடு கையை வைத்தாலே தெரியும்: ஒன்று குளிர்ச்சி, மற்றது சுடும்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து, தோல் காய்ந்து அமுங்கிப் போவதைப் பலர் பூஞ்சை நோய் என்று நினைத்து மருந்து தேடுகிறார்கள். அது நோயல்ல. காயின் அடிநுனிக்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. கால்சியம் தண்ணீரோடுதான் மேலே ஏறும். மண் ஒருநாள் காய்ந்து மறுநாள் நனைந்து என்று மாறி மாறி இருந்தால், மண்ணில் போதுமான கால்சியம் இருந்தும் காய்க்குக் கிடைக்காது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதைவிட ஈரத்தை ஒரே சீராக வைத்திருப்பதுதான் பலன் தருகிறது. முதல் காய்களில் இரண்டொன்றில் இது தலைகாட்டியது. மூடாக்கைக் கனமாக்கி, தண்ணீரை ஒழுங்காக்கியதும் அடுத்த கொத்திலிருந்து இல்லை.

பூ உதிர்ந்த நாட்கள்

நடுக்கோடையில் வெயில் 35 டிகிரியைத் தாண்டியது, இரவும் புழுக்கம். தக்காளிப் பூக்கள் காம்போடு மஞ்சளாகிப் பொத்துப் பொத்தென்று உதிர்ந்தன. பகல் வெப்பம் இந்த அளவைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வலுவிழக்கும், காய் பிடிக்காது. பூ உதிர்வதைப் பார்த்ததும் கை உரத்தைத் தேடும். அதைச் செய்யவே கூடாது. தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் செடி இலையாகத் தள்ளும், பூவுக்கு ஒன்றும் ஆகாது. மேற்குப் பக்கம் மட்டும் நிழல்வலை கட்டினேன், பிற்பகல் வெயிலைத் தடுக்க; காலை வெயில் முழுசாக விழும்படி விட்டேன். இரவுகள் தணிந்ததும் புதுக் கொத்துகளில் காய் பிடித்தது.

தக்காளிக்கும் கத்தரிக்கும் இன்னொரு உதவியும் செய்யலாம். இவற்றின் மகரந்தம் பூவின் நடுவே உள்ள மஞ்சள் குழல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. அதிர்வு பட்டால்தான் நுனி வழியாகக் கொட்டும். பெரிய கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ரீங்கரிப்பது இதற்காகத்தான். தேனீக்களால் அப்படி அதிரவைக்க முடியாது. கருவண்டு வராத தோட்டத்தில் முற்பகலில் பூங்கொத்தின் காம்பைப் பின்பக்கமாக விரலால் சுண்டிவிட்டால் போதும். தக்காளிச் செடியோடு இப்படிப் பழகினால் விரல்களில் ஒரு பச்சைக் கறை ஏறும். சோப்புப் போட்டுக் கழுவும்போது நுரை மஞ்சளாக வரும். இலையின் நுண்மயிர்களில் இருக்கும் பிசின் அது. அந்த வாசனை எனக்குக் கோடையில் மிகப் பிடித்த வாசனைகளில் ஒன்று.

பீர்க்கம்பூ சாயங்காலம் விரியும். அந்த நேரத்தில் வண்டு வரத்து குறைவாக இருந்தால் நாமே சேர்க்க வேண்டும். ஆண் பூ கொத்தாக வரும். பெண் பூ தனியாக, அடியில் விரல் நீளப் பிஞ்சோடு இருக்கும். ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டுப் பெண் பூவின் நடுவில் மென்மையாகத் தடவினால் வேலை முடிந்தது. வெள்ளரிக்கு இது தேவைப்படவில்லை, தேனீக்களே பார்த்துக்கொண்டன.

பூச்சி பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வறண்ட வெயிலில் கத்தரி இலையின் அடியில் சிவப்புச் சிலந்திப் பேன் வந்தது. இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதில் அடங்கிவிட்டது. வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை, கூடவே லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலத் தெளிப்பு. நரம்பு மஞ்சளான வெண்டைச் செடியைத் தயங்காமல் பிடுங்கினேன். அது வைரஸ் நோய், அதற்கு மருந்தில்லை. வெள்ளை ஈ அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோய்விடும்.

பறிப்பு

இங்கேதான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு காயும் தன் பக்குவத்தை ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது.

வெண்டையின் பூ காலையில் விரிந்து அன்றே வாடும். அதிலிருந்து ஐந்தாறு நாளில் காய் பறிக்கிற பதத்துக்கு வரும், அதற்கடுத்த ஓரிரு நாளில் நார் ஏறிவிடும். நுனியை ஒடித்துப் பார்க்கிற பழக்கம் வாங்கும்போதுதான் வேண்டும். சொந்தச் செடியில் 8 முதல் 10 செ.மீ. நீளத்தில் பறித்துக்கொண்டே இருந்தால் ஒடித்துப் பார்க்கும் தேவையே வராது. கடும் வெயிலில் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டாயம். காம்பைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அதன் சுணை பட்டால் வெகுநேரம் அரிக்கும்.

வெள்ளரியை விடிந்ததும் பறிக்க வேண்டும். ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீராலான காய் அது. இரவு முழுக்க வேர் ஏற்றிய நீர் காயில் விறைப்பாக நிற்கும் நேரம் அதுதான். மதியம் பறித்ததையும் காலையில் பறித்ததையும் அடுத்தடுத்துக் கடித்துப் பாருங்கள்; ஒன்று முறுக்கென்று உடையும், மற்றது வளைந்து கொடுக்கும்.

கத்தரிக்குத் தோலின் பளபளப்பும் கட்டைவிரலும் போதும். லேசாக அழுத்தி எடுத்ததும் குழி மெல்ல நிரம்பினால் பதம். அழுத்தவே விடாமல் கெட்டியாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. குழி அப்படியே நின்று, தோலும் மங்கியிருந்தால் உள்ளே விதை முற்றிவிட்டது.

ஸ்வீட் கார்னில் பட்டு நூல் வெளிவந்து ஏறக்குறைய 20 நாளில் அது பழுப்பாகிக் காயும். அப்போது மேல்தோலைக் கொஞ்சம் விலக்கி ஒரு மணியை நகத்தால் குத்துங்கள். தெளிந்த நீர் வந்தால் பொறுக்க வேண்டும். பால் வந்தால் அன்றே. மாவாக இருந்தால் நேரம் தவறிவிட்டது. பழைய ரகங்களில் பறித்த சில மணி நேரத்திலேயே சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும், வெயில் சூடு பட்டால் இன்னும் வேகமாக. இப்போதைய அதிஇனிப்பு ரகங்கள் சில நாட்கள் தாங்கும் என்றாலும், நான் முதலில் அடுப்பில் தண்ணீர் வைத்து, அது கொதி வந்த பிறகே கதிரைத் திருகப் போவேன். மூன்று நான்கு நிமிடம் வெந்தால் போதும். உப்பும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம். பல் பட்டதும் மணி வெடித்துப் பால் தெறிக்கும் அந்தக் கதிரை, சமையலறையில் நின்றபடியே சாப்பிடுவதுதான் சரி. மேசைக்குக் கொண்டுபோகும் நேரத்தைக்கூட நான் கொடுப்பதில்லை.

தக்காளியைப் பொதுவாக முழு நிறம் ஏறும்வரை செடியிலேயே விடுவேன். ஆனால் வெப்பம் 30 டிகிரிக்கு மேலேயே நிற்கும் வாரங்களில் வேறு வழி. அந்தச் சூட்டில் சிவப்பு நிறத்தைத் தரும் லைகோபீன் சரியாக உண்டாகாது. பழம் ஆரஞ்சிலேயே நின்று தோல் மட்டும் தடித்துப்போகும். அப்போது பாதிக்கு மேல் நிறம் வந்ததைப் பறித்து, வீட்டுக்குள் வெயில் படாத இடத்தில், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கிவைத்தேன். இரண்டொரு நாளில் சீராகச் சிவந்தன. இவ்வளவு தூரம் செடியில் நிறம் ஏறிய பழத்துக்கும் முழுதாகச் செடியிலேயே பழுத்ததற்கும் என் நாக்குக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளியின் மணப்பொருள்கள் குறைந்துவிடும், வெளியே எடுத்துவைத்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. இத்தனை நாள் காத்துப் பழுக்கவைத்ததை அங்கே கொண்டுபோய் இழப்பது எனக்குப் பொறுக்காது.

அடுப்படியில்

நல்ல தக்காளியைத் தடித்த வில்லைகளாக அரிந்து, உப்புத் தூவி, ஐந்து நிமிடம் விட்டால் தட்டில் சாறு தேங்கும். விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பைப் பலர் வழித்து எறிகிறார்கள். சுவைக்கு ஆழம் தரும் குளூட்டமேட்டும் புளிப்பும் சதையைவிட அதில்தான் அதிகம். அதை எறிந்தால் தக்காளியில் பாதியை எறிந்த கணக்கு. அந்தச் சாற்றை ஒரு துண்டு ரொட்டியாலோ ஒரு பிடி சோற்றாலோ துடைத்துச் சாப்பிடும்போது கோடை முழுக்கப் பட்ட பாடு நினைவுக்கு வருவதில்லை, தக்காளி மட்டுமே இருக்கும்.

வெண்டையை அரியாமல் முழுசாகப் போடுவதே எனக்குப் பிடித்தது. கழுவி, துணியால் துடைத்து, ஈரம் சுத்தமாகப் போன பிறகு நன்றாகக் காய்ந்த அகன்ற கடாயில் கொஞ்சம் எண்ணெய், மூடி போடாமல். வழவழப்பு தண்ணீரில் கரைந்து வெளிவரும் பொருள். வெட்டாத காயிலிருந்து அது வெளியே வராது. அரிந்துதான் ஆக வேண்டுமானால் உப்பைக் கடைசியில் சேருங்கள், ஒரு பிழி எலுமிச்சையும் உதவும். பக்கங்கள் கருகலாகப் பொரிந்து, உள்ளே பச்சையும் இளசுமாக இருக்கும் அந்தப் பதம் முற்றாத பிஞ்சில் மட்டுமே கிடைக்கும்.

வெள்ளரியில் கசப்பு இருந்தால் அது பெரும்பாலும் காம்புப் பக்கத்திலும் தோலுக்கடியிலும்தான். பூ நுனியிலிருந்து அரிந்துகொண்டு போய், காம்புப் பக்கம் ஒரு அங்குலம் விட்டுவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கத்தரிச் சதை பஞ்சு மாதிரி, எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் குடிக்கும். முதலில் ஆவியில் வேகவைத்தோ தணலில் சுட்டோ அதன் காற்றறைகளை உடைத்துவிட்டால் பிறகு ஒரு கரண்டி எண்ணெயே தாராளம். பீர்க்குக்கு அதுகூடத் தேவையில்லை. வரம்புகளை மட்டும் சீவி, வட்டமாக அரிந்து, மூடிவைத்தால் தன் தண்ணீரிலேயே வெந்துவிடும். இளம் பீர்க்கின் இனிப்பு மிக மெல்லியது. மசாலா எதுவும் போடாமல் ஒருமுறையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கோடை முடிகிற நேரத்தில் தக்காளி ஒரே சமயத்தில் குவிந்தது. பச்சையாகத் தின்று தீராது. பாதியாக அரிந்து, எண்ணெய் தடவி, குறைந்த சூட்டில் ஓவனில் சில மணி நேரம் வைத்தேன். தண்ணீர் வற்றி, ஓரம் சுருங்கி, இனிப்பும் புளிப்பும் இறுகிய துண்டுகளானதும் டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தாயிற்று. லைகோபீன் கொழுப்பில் கரைவது. எண்ணெயோடு சூடுபட்ட தக்காளியிலிருந்து உடல் அதை எளிதாக எடுத்துக்கொள்ளும். சமைக்கப் போகிறவற்றை உறையவைப்பதில் இழப்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை.

ஸ்வீட் கார்ன் நின்ற சதுரம் இப்போது காலி. தட்டைகளை நறுக்கி மூடாக்குக்குப் போட்டுவிட்டேன். மண்ணிலிருந்து தழைச்சத்தை நிறைய எடுத்துக்கொள்ளும் பயிர் அது. அதனால் அந்த இடத்தில் காராமணி ஊன்றியிருக்கிறேன். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா செடிக்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றிலிருந்தே பிடித்துக் கொடுக்கும், மிச்ச வெயிலையும் செடி தாங்கும். காய் பென்சில் கனத்துக்கு வந்து, உள்ளே பயறு புடைத்துத் தெரியாமல் இருக்கும்போதே பறிக்க வேண்டும். பந்தலுக்கு இரண்டு மூங்கில் போதுமா, மூன்று வேண்டுமா என்பதை இந்த வாரம் பார்த்துக்கொள்ள வேண்டும்.